நத்தார் சூரிய வழிபாடா? ஸ்கொட்லாந்துக்காரங்க ஏன் அதை ஒதுக்கி வச்சாங்க?

வணக்கம் மக்களே!

"டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்ல. ரோமாபுரிக்காரன் சூரியனைக் கும்பிட்ட நாள். நத்தார் கொண்டாடுறது சிலை வணக்கம்." டிசம்பர் பொறந்தா போதும், ஹட்டன்லருந்து பண்டாரவளை வரைக்கும் இந்த மெசேஜ் வட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சிரும். ஒரே லயத்துல ஒரு காம்பராவுல நட்சத்திரக் கூடு எரியும். பழைய பெயின்ட் வாளியில மண்ணு போட்டு சைப்ரஸ் கிளையை நட்டு, பஞ்சு ஒட்டியிருப்பாங்க. அடுத்த காம்பராவுல, "எங்க சபையில நத்தார் இல்ல"ன்னு கேக் துண்டைக்கூட வாங்க மாட்டாங்க. ரெண்டும் அண்ணன் தம்பி வீடாவே இருக்கும்.

வரலாறை வேகமாப் பாத்துருவோம். பைபிள்ல தேதி கிடையாது. கி.பி. 354ல ரோம்ல தொகுத்த ஒரு நாட்காட்டியில டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாள்னு இருக்கு. அதே தொகுப்புல, அதே தேதியில சூரியக் கடவுள் விழாவும் இருக்கு. "பாத்தீங்களா, திருடிட்டாங்க!"ம்பாங்க. ஆனா அந்த சூரிய விழா டிசம்பர் 25லதான் நடந்துச்சுங்கிறதுக்கு நமக்குக் கிடைச்ச பழைய சாட்சியும் இதேதான். இன்னொரு கணக்கும் உண்டு: இயேசு சிலுவையில மரிச்சது மார்ச் 25, கருவுல உருவானதும் அதே நாள்னு அன்னைக்கு நம்பினாங்க. ஒன்பது மாசம் கூட்டுங்க, டிசம்பர் 25! பழைய காலத்துச் சபைப் பெரியவர் புனித அகுஸ்தீனே இதை எழுதியிருக்காரு. அதனால "திருடின பண்டிகை"ன்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தாதுங்கிறதுதான் என் கருத்து.

நத்தார் மரம் வைக்கிறதும் சிலை வணக்கம்தான்னு சொல்ல, பைபிள்ல எரேமியா 10ஆம் அதிகாரத்தைக் காட்டுவாங்க. முழுசா வாசிங்க: தச்சன் செதுக்கின, பேசாத, நடக்காத விக்கிரகத்தைப் பத்தின வசனம் அது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். நம்ம மலையில தேயிலையை 1867ல லூல்கந்துரையில தோட்டப் பயிரா நட்டவர் யாரு? ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்துக்காரர். கினிகத்தேனைப் பக்கம் அபர்டீன் நீர்வீழ்ச்சி, நானுஓயாவுல எடின்பரோ தோட்டம், எல்லாம் அவங்க ஊர்ப் பேரு. அந்த ஸ்கொட்லாந்துல 1958 வரைக்கும் நத்தாருக்குப் பொது விடுமுறையே கிடையாது, தெரியுமா? நிறையப் பேரு அன்னைக்கும் வேலைக்குப் போனாங்க! 1560ல ஜோன் நொக்ஸ்ங்கிற போதகர் காலத்துல, கத்தோலிக்க சபையை விட்டுப் பிரிஞ்ச சீர்திருத்தக்காரங்க, "வேதத்துல கட்டளை இல்லாத பண்டிகை வேணாம்"னு ஒதுக்கினாங்க. 1640ல நாடாளுமன்றமே நத்தார் விடுமுறையை நிறுத்துச்சு. அமெரிக்காவுல மசசூசெட்ஸ்ல 1659லருந்து 1681 வரைக்கும் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம். எல்லாரும் பைபிளைக் கையில வச்சிருந்த கிறிஸ்தவங்கதான்! அதனால நம்ம சபைக்காரங்க மறுக்கும்போது, "இவங்க புதுசா என்னமோ கிளப்புறாங்க"ன்னு தள்ளாதீங்க. அவங்க கேள்விக்கு 400 வருஷத்துக்கு மேல வயசு.

சரி, கொண்டாடலாமா? ரோமர் 14ல பவுல், ஒருத்தன் ஒரு நாளை விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் ஒரே மாதிரி எண்ணுறான், அவனவன் தன் மனசுல நிச்சயமா இருக்கட்டும்னு சொல்றாரு. நான் கொண்டாடுறவன். சந்தோஷமா, முழு மனசோட. என் பக்கத்துக் காம்பரா கொண்டாடாதது பாவமில்ல. ஆனா கேக் கொண்டு போற பிள்ளைய "சிலை வணக்கக்காரன்"னு திருப்பி அனுப்புறதுக்கு அந்த ரோமர் 14ல இடமே இல்ல.

உங்க தோட்டத்துல, உங்க சபையில எப்படி? கமென்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணா வாசிப்பேன். ஆர்மீனியக் கிறிஸ்தவங்க ஏன் ஜனவரி 6ல கொண்டாடுறாங்கன்னு அடுத்த வீடியோவுல பாப்போம்.