கன்றின் தாயை யார் எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் கால்நடை அபிவிருத்தி போதனாசிரியராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கால்நடை இனப் பதிவேடு, வம்சாவளிச் சான்றிதழ், அவற்றுக்கான சட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். சட்டம் என்றதும் வானொலியை மூடிவிடாதீர்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஈச்சிலம்பற்றிலும் மாடு வைத்திருப்பவர்களின் சட்டைப்பையைத் தொடுகிற விஷயம் இது.

மாட்டுக்காரர் எல்லோருக்கும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தைத் தெரியும். இலக்கம் தெரியாதவர்களுக்கும் அதன் வேலை தெரியும். குறி சுடுவது, விற்கும்போது வவுச்சர் என்கிற மாட்டு உரிமைப் பத்திரத்தை மாற்றுவது, லொறியில் ஏற்றிக்கொண்டு போக அனுமதிப்பத்திரம் எடுப்பது, அடுத்தவன் வயலுக்குள் மாடு இறங்கினால் வரும் வழக்கு, இறைச்சிக்கு வெட்டுவதற்கான கட்டுப்பாடு எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். 1986இல் கால்நடைத் தீவனத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1992இல் கால்நடை நோய்களுக்கு ஒன்று வந்தது. ஆக, மாடு யாருடையது, என்ன தின்கிறது, என்ன நோய் என்று கேட்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் இந்தக் கன்றின் தாய் எது, தகப்பன் எது, தாயின் தாய் எத்தனை போத்தல் கறந்தது என்று கேட்டால், நம் பட்டிக்காரர் கையில் இருக்கிற எந்தக் காகிதமும் வாய் திறக்காது. சினை ஊசி போட்ட துண்டில் காளையின் இலக்கம் இருக்கும். அந்தத் துண்டும் கன்று பால் மறக்கும் முன்பே எங்கேயோ போய்விடும்.

இதனால் யாருக்கு நட்டம்? கிண்ணியாப் பக்கம் ஒருவர் எருமை நாகு ஒன்றை, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பெண் எருமையை, விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இது முறா கலப்பு, தாய் நல்ல கறவை" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார். முறா என்பது பாலுக்குப் பேர்போன இந்திய எருமை இனம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றும் இல்லை, வாங்குகிறவருக்கு நம்பவும் வழியில்லை. கடைசியில் தரகர் நடுவில் புகுந்து, நல்ல நாகுக்கும் சாதாரண நாகுக்கும் நடுவான ஒரு விலையைப் போட்டு முடிப்பார். ஒழுங்காக வளர்த்தவர் ஏமாறுகிறார். பொய் சொல்கிறவருக்கு இலாபம்.

கனடாவில் இதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. அங்கே 1900ஆம் ஆண்டிலேயே கால்நடை வம்சாவளிக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு மிருகத்தைத் தூய இனம் என்று சொல்லி விற்றால், ஆறு மாதத்துக்குள் வாங்கினவரின் பெயருக்கு மாற்றிய பதிவுச் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் குற்றம். பதிவேட்டை அரசாங்க அலுவலகம் எழுதுவதில்லை. வளர்ப்பவர்களின் சங்கம் எழுதுகிறது. அந்தச் சங்கத்துக்குச் சட்டம் உயிர் கொடுக்கிறது, மந்திரி மேலிருந்து பார்த்துக்கொள்கிறார். நான் படித்துப் பார்த்தவற்றில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். பேனை வளர்ப்பவர் கையில், பிரம்பு அரசாங்கத்தின் கையில்.

இந்தப் பழக்கம் பிரித்தானியாவில் தொடங்கியது. முதலில் பந்தயக் குதிரைகளுக்கு 1791இல் ஒரு வம்சாவளிப் புத்தகம், பிறகு 1822இல் ஷோர்ட்ஹோர்ன் மாடுகளுக்கு ஜோர்ஜ் கோட்ஸ் என்பவர் வெளியிட்ட புத்தகம். பணக்காரப் பண்ணைக்காரர்கள் தங்கள் காளைகளின் பெருமையைக் காப்பாற்ற எழுதிக்கொண்டவை. அந்தப் பெருமையோடு ஒரு வியாதியும் சேர்ந்து வந்தது. புத்தகத்தை மூடிவிடுவார்கள். உள்ளே இருப்பவற்றின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் உள்ளே இடம் என்று வைத்துவிட்டால், சிறிய இனங்களில் சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்ந்து சேர்ந்து மலட்டுத்தன்மையும் நோஞ்சான் கன்றுகளும் வந்து சேரும்.

சொந்தத்துக்குள் சேர்வது நமக்குப் புதிய கதை இல்லை. புத்தகமே இல்லாத நம் பட்டிகளிலும் அது தினமும் நடக்கிறது. நல்ல நாம்பன், அதாவது பொலி காளை, ஒன்று கிடைத்தால் அதை விட மனம் வராது. மூன்று நாலு வருடத்தில் அதன் பெண் கன்றுகள் பருவத்துக்கு வந்துவிடும், நாம்பனும் அங்கேதான் நிற்கும். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றுக்கு உட்கலப்பு அளவு, அதாவது சொந்தத்துக்குள் சேர்ந்ததன் அளவு, 25 சதவீதம். ஒரே நாம்பனுக்குப் பிறந்த, தாய் வேறான இரண்டு சேர்ந்தால் பன்னிரண்டரை. பிறகு "நாகு பலன் பிடிக்குதில்லை, கன்று நிலைக்குதில்லை" என்று மிருக வைத்தியரிடம் வந்து நிற்பார்கள். பாவம், அவர் என்ன மருந்து கொடுப்பார்? அந்த நாம்பனை இரண்டு வருடத்துக்கு முன்பே அடுத்த ஊர்ப் பட்டியோடு மாற்றியிருக்க வேண்டும். எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்வதுதான் பதிவேட்டின் முதல் வேலை. சான்றிதழ், விலை எல்லாம் அப்புறம்.

ஆகவே நமக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால், அதில் புத்தகம் திறந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கொண்டுவந்து 2018 நவம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தும் இனவிருத்தி ஒழுங்குவிதியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் பிரதான பகுதி ஒன்று, துணைப் பகுதி ஒன்று. தாய் தகப்பன் தெரியாத பசுவாக இருந்தாலும், அந்த இனத்தின் அடையாளங்கள் இருந்தால் துணைப் பகுதியில் எழுதலாம். அதன் மகளை, மகளின் மகளைப் பிரதான பகுதியில் உள்ள காளைகளோடே சேர்த்துக்கொண்டு வந்தால், சில தலைமுறையில் அந்த வழி பிரதான பகுதிக்கு ஏறிவிடும். வம்சாவளிக் காகிதம் ஒன்றுமே இல்லாத நம் மாடுகளுக்கு இதை விட்டால் வேறு வாசல் கிடையாது.

சரி, "இனத்தின் அடையாளம்" என்கிறோம், அதை யார் தீர்மானிப்பது? கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானித்தால் சங்கடம் வரும். நம் நாட்டு எருமையையே எடுங்கள். மகாவலிக் கிளைகள் கொட்டியாபுரக் குடாவில் விழுகிற தாழ்நிலத்தில் மேய்கிற எருமையைப் பார்த்தால், தென்கிழக்காசியச் சேற்று எருமை மாதிரிதான் இருக்கும். நிபுணர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். பிறகு நிறமூர்த்தங்களை, அதாவது உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை, எண்ணிப் பார்த்தார்கள். சேற்று எருமைக்கு 48, ஆற்று எருமைக்கு 50. இலங்கை எருமைக்கு 50 இருந்தது! ஆக அது முறா, சுர்த்தி, நீலி ராவி ஆகிய ஆற்று எருமை இனங்களின் பக்கத்துச் சொந்தம். கொம்பையும் நிறத்தையும் மட்டும் வைத்துப் பதிவேடு எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே பிழை விழுந்திருக்கும். அதனால் ஒரு இனத்துக்குப் புத்தகம் திறக்கும் முன் மரபணுச் சோதனை செய்து தருவது அரசாங்கத்தின் பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தச் செலவைப் பட்டிக்காரர் தலையில் கட்டக் கூடாது.

கனடாச் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. இன்னும் ஒரு இனமாக முற்றாத, உருவாகிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கும் சங்கம் அமைக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். நம் நாட்டெருமையும் முறாவும் கலந்து வந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த இடம் பொருந்தும். இந்தியாவில் காங்கேயம், உம்பளச்சேரி மாடுகளுக்கெல்லாம் கர்னாலில் உள்ள தேசிய நிறுவனம் இனப் பதிவு இலக்கம் கொடுத்திருக்கிறது. ஆனால் இனத்தைப் பதிவது வேறு, ஒவ்வொரு மாட்டின் பரம்பரையைப் பதிவது வேறு. முதலாவதை அறிவியல் நிறுவனம் செய்யும். இரண்டாவதைப் பட்டியில் நிற்பவன்தான் செய்ய முடியும்.

பட்டியில் நிற்பவன் யார்? இங்கேதான் வெளிநாட்டுச் சட்டத்தை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. வெளிநாட்டுப் பதிவேடுகள் பொதுவாகத் தாய்ப் பசுவின் சொந்தக்காரரையே இனவிருத்தியாளராக எடுத்துக்கொள்ளும். நம் பக்கம் மாட்டின் சொந்தக்காரர் பட்டினத்தில் கடை வைத்திருப்பார், அல்லது அரசாங்க உத்தியோகம் பார்ப்பார். மாடு காட்டோரப் பட்டியில், பங்குக்குப் பார்க்கிறவரிடம் நிற்கும். மாரிப் போகத்துக்கு வயல் விதைத்ததும் பட்டியைத் தூரத்துக்கு நகர்த்துகிறவர், இரவில் கன்று போடும்போது பக்கத்தில் நிற்கிறவர், எது எதன் கன்று என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர் எல்லாம் அந்த மேய்ப்பர்தான். அவருக்கு வவுச்சரில் பெயர் இல்லை. வரப்போகும் பதிவேட்டிலும் அவருக்குக் கையெழுத்து உரிமை இல்லையென்றால், சொந்தக்காரர் வீட்டிலிருந்து யோசித்து எழுதுவதுதான் வம்சாவளி ஆகும். கன்று பிறந்ததற்குச் சாட்சியாக மேய்ப்பர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், அந்த மாடு நல்ல விலைக்குப் போனால் அவருக்கும் ஒரு பங்கு வேண்டும். சட்டத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடிய பிரிவு இதுதான்.

தகப்பன் விஷயம் இதைவிடச் சிக்கல். ஒரே பட்டியில் மூன்று நாம்பன் திரியும்போது யார் தகப்பன் என்று மேய்ப்பருக்கும் தெரியாது. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டால், ஆட்கள் எதையாவது எழுதி நிரப்புவார்கள். படிவங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நிச்சயம் நடக்கும். "தகப்பன் தெரியாது" என்று எழுதச் சட்டம் அனுமதிக்க வேண்டும், அப்படி எழுதியதற்காக ஒருவரும் தண்டிக்கப்படக் கூடாது. தாய்வழியை மட்டும் பத்து வருடம் உண்மையாக எழுதினாலே பெரிய சொத்து. தகப்பனைப் பிறகு வால் மயிரைப் பிடுங்கி மரபணுவில் தேடிக்கொள்ளலாம்.

இனி, கொஞ்சம் கூச்சமான பேச்சு. கிண்ணியாவில் எருமை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தமிழர்கள். கந்தளாய், சேருவிலப் பக்கம் சிங்களவர்கள். ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு புத்தகம் என்று போனால் ஒரே எருமைக்கு மூன்று வம்சாவளி வரும். ஐரோப்பாவில் ஒரு இனத்துக்குப் பல சங்கங்கள் இருக்கலாம். கனடாவில் ஒரு இனத்துக்கு ஒரே சங்கம்தான். நமக்குக் கனடாவின் வழிதான் சரி, அதோடு விதிகளுக்கு உட்பட்ட எந்த வளர்ப்பாளரையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்ற ஐரோப்பிய வாசகத்தையும் சேர்க்க வேண்டும். ஒரே புத்தகம், மூன்று மொழி. நாம்பனை மாற்றிக்கொள்ளும்போது எருமை யாருடைய ஊர் என்று கேட்பதில்லை.

இந்தச் சட்டத்தை யார் செய்வது? அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் உள்ள மாகாண சபை நிரலில் கால்நடை வளர்ப்பு இருக்கிறது. மாகாணத்துக்குள் கால்நடைகளைப் பேணுவது, மேம்படுத்துவது, நோய் தடுப்பது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆக மாகாண சபை நிறைவேற்றும் நியதிச்சட்டம் ஒன்று போதும், அதைச் செய்ய வேண்டிய சபையின் தலைமையகமும் இதே திருகோணமலையில்தான். ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பிறகு வருடக்கணக்காகத் தேர்தல் நடக்காமல் கிடந்தது. நியதிச்சட்டம் நிறைவேற்றக் கை உயர்த்த உறுப்பினர் வேண்டுமே! ஆளுநரும் அதிகாரிகளும் நிருவாகத்தைக் கொண்டுபோகலாம், சட்டம் ஆக்க முடியாது. மாட்டுக்காரருக்கும் மாகாணசபைத் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

"மேய்ச்சல் தரையே பறிபோகுது, நீங்கள் வம்சாவளி பேசுறீங்கள்" என்று சிலர் கோபப்படலாம். நியாயமான கோபம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் அழியும் நிலையில் உள்ள நாட்டு இனத்தை வளர்ப்பவருக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது, அந்த மிருகம் பதிவேட்டில் இருந்தால்தான் கொடுக்கிறது. பெயரும் புத்தகமும் உள்ள இனம் ஒன்று இந்தத் தாழ்நிலத்தில்தான் வாழ்கிறது என்று காட்ட முடிந்தால், மேய்ச்சல் தரைக்காகப் பேசும்போது நம் கையில் ஒரு காகிதமாவது இருக்கும். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் விறைத்துச் செத்தன. எந்த வழியில் வந்த மாடுகள் விழுந்தன, எந்த வழி தாங்கி நின்றது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் யாரும் எழுதி வைக்கவில்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊர்க் கால்நடை வளர்ப்போர் சங்கத்தில் இந்த மாரிக்கே ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். தாயின் குறி அல்லது காது இலக்கம், கன்று போட்ட திகதி, ஆணா பெண்ணா, எந்த நாம்பன் பட்டியில் நின்றது, ஊசி என்றால் காளை இலக்கம், தெரியாவிட்டால் தெரியாது, கடைசியில் மேய்ப்பரின் கையெழுத்து. மாதம் ஒருமுறை போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் அனுப்பி வையுங்கள், வெள்ளம் வந்தால் கொப்பி போய்விடும். சந்தேகம் இருந்தால் உங்கள் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். வணக்கம்.