புள்ளி ஒன்று இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2016 டிசம்பர் 21, புதன்கிழமை. இரவு பதினொன்று இருக்கும். வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் விடுதியின் காம்பவுண்டை ஒட்டி விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுத்துத் துண்டு துண்டாகக் குவித்திருந்தார்கள், இன்னும் யாரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. கரண்ட் வந்துவிட்டது, வைஃபை வரவில்லை. ஜியோ சிம் இலவசமாக ஓடிய மாதங்கள் அவை. நானும் என் அறைத்தோழியும் ஒரே போர்வைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, அவளுடைய போனில் ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் கடைசி எபிசோட் லோட் ஆவதற்காகக் காத்திருந்தோம். அங்கே ஜப்பானில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல்.

தொடரின் பெயர் 'யூரி!!! ஆன் ஐஸ்'. மொத்தம் பன்னிரண்டே எபிசோடுகள். அந்த அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. இயக்கியவர் சாயோ யமமோட்டோ, அவரோடு சேர்ந்து கதையை உருவாக்கியவர் மிட்சுரோ குபோ. இரண்டு பேருமே பெண்கள். தயாரித்தது மாப்பா ஸ்டுடியோ. அந்தக் கடைசி இரவில் ரசிகர்கள் எதற்காக அழுதார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். சண்டை போட்டவர்களில் நாங்கள் இரண்டு பேரும் உண்டு.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூரி கட்சுகி, இருபத்து மூன்று வயது ஜப்பானியப் பையன், ஃபிகர் ஸ்கேட்டிங் வீரன். சோச்சியில் நடக்கும் கிராண்ட் பிரீ ஃபைனலில் ஆறு பேரில் ஆறாவதாக வருகிறான். மனம் உடைந்து சொந்த ஊருக்குத் திரும்பி, சிறுவயதிலிருந்து தான் கும்பிட்ட ரஷ்ய சாம்பியன் விக்டர் நிகிஃபோரோவின் ஆட்டத்தை ஆளில்லாத பனி ரிங்கில் அப்படியே ஆடிப் பார்க்கிறான். அந்த வீடியோ ஊரெல்லாம் பரவுகிறது. விக்டர் போட்டிகளை விட்டுவிட்டு, கிளம்பி வந்து, இனி நான்தான் உன் கோச் என்கிறார். இன்னொரு யூரியும் இருக்கிறான், யூரி பிளிசெட்ஸ்கி. பதினைந்து வயது ரஷ்யப் பையன், வாயைத் திறந்தால் வசவு. பெயர்க் குழப்பம் வேண்டாமென்று யூரியின் அக்கா அவனுக்கு யூரியோ என்று பெயர் வைத்துவிடுகிறாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

கோச்சும் வீரனுமாகத் தொடங்கிய உறவு காதலாகிறது. பார்சலோனாவில், கடைசிப் போட்டிக்கு முன்பு, ஒரு தேவாலயத்தின் வாசலில் இருவரும் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விக்டர் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிடுகிறார்: யூரி தங்கம் வாங்கியதும் எங்களுக்குக் கல்யாணம். அதாவது, ரசிகர்களைப் பொறுத்தவரை கடைசி எபிசோட் ஒரு போட்டியின் முடிவு மட்டும் என்ற நிலை அப்போதே போய்விட்டது. முகூர்த்தத் தேதி ஒரு ஸ்கோர்போர்டில் போய் மாட்டிக்கொண்டது.

அதற்கு மேல் பதினோராவது எபிசோட் ஒரு காரியம் செய்தது. ஹோட்டல் அறையில் குளித்துவிட்டு வரும் விக்டரிடம் யூரி, இந்த ஃபைனலோடு முடித்துக்கொள்வோம் என்கிறான். அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது. எதை முடித்துக்கொள்வது? ஸ்கேட்டிங்கையா, கோச் உறவையா, எல்லாவற்றையுமேவா? ஒரு வாரம் உலகம் முழுக்க இதைத்தான் பேசினார்கள். எங்களுக்கோ புயலால் அந்த எபிசோடே தாமதமாகத்தான் கிடைத்தது.

பன்னிரண்டாவது எபிசோட் விக்டரின் கண்ணீரோடு தொடங்கியது. ஐந்து முறை உலக சாம்பியனான அந்த மனிதர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், கண்ணீர் தானாகச் சொட்டுகிறது. யூரி அவருடைய முடியை ஒதுக்கி, குனிந்து முகத்தைப் பார்க்கிறான். நீங்கள்கூட அழுவீர்களா என்று ஆச்சரியப்படுகிறான். நான் கோபத்தில் இருக்கிறேன் என்கிறார் விக்டர். தியாகம் செய்கிறவனின் சுயநலத்தை இவ்வளவு நேராகக் காட்டிய காட்சியை அதுவரை நான் பார்த்ததில்லை. 'உன் நன்மைக்காகத்தான் உன்னை விட்டுப் போகிறேன்' என்று சொல்லும் நாயகர்களைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே எதிரில் இருப்பவர், அதை நீ தனியாக எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டுவிட்டார்.

பிறகு போட்டியின் இரண்டாவது சுற்று, ஃப்ரீ ஸ்கேட். யூரி ஆடி முடித்ததும் மார்க் வருகிறது: 221.58. விக்டரின் உலக சாதனையை அவருடைய மாணவனே முறியடித்துவிட்டான். ஸ்கேட்டிங்கைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு அந்த எண்ணில் இன்னொரு சிலிர்ப்பும் இருந்தது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2015 டிசம்பரில், நிஜமான கிராண்ட் பிரீ ஃபைனல் அதே பார்சலோனாவில்தான் நடந்தது. ஜப்பானின் யூசுரு ஹன்யூ அங்கே ஃப்ரீ ஸ்கேட்டில் 219.48, மொத்தமாக 330.43 எடுத்து உலக சாதனை படைத்தார். கதையில் வரும் பையன் அதற்கும் இரண்டு புள்ளி மேலே போகிறான். ஆனால் முதல் சுற்றான ஷார்ட் ப்ரோக்ராமில் அவன் எடுத்தது 97.83தான். மொத்தம் 319.41.

கடைசியாக ஆட வருகிறவன் யூரியோ. ஆடி முடிக்கிறான். மொத்தம் 319.53.

வித்தியாசம் புள்ளி ஒன்று இரண்டு.

என் தோழி போனைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். இது அநியாயம், பக்கா அநியாயம் என்றாள். அன்றிரவு அப்படிச் சொன்னவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். தங்கம் போச்சு, கல்யாணம் போச்சு, இத்தனை வாரம் இதற்காகவா பார்த்தோம் என்ற ஆற்றாமை அது. புள்ளி ஒன்று இரண்டு என்றால் எவ்வளவு என்று நானே பிறகு ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது நடுவர்கள் மார்க் போடுவார்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதி ஏழின் சராசரியை எடுப்பார்கள். கலைத்தன்மைக்கான மார்க்குகள் கால் கால் புள்ளியாக ஏறும். அன்றைய விதிப்படி ஆண்களின் ஃப்ரீ ஸ்கேட்டில் அந்தச் சராசரியை இரண்டால் பெருக்கினார்கள். அப்படியென்றால், கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் ஏழு பேரில் இரண்டே பேர், ஒரே ஒரு அம்சத்தில், ஆளுக்குக் கால் புள்ளி கூட்டிப் போட்டிருந்தால் 0.14 கூடியிருக்கும். யூரிக்குத் தங்கம். இரண்டு நடுவர்கள், அரைப் புள்ளி, அவ்வளவுதான்.

இதை மிகை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2014ல் சைதாமா உலக சாம்பியன்ஷிப்பில் ஹன்யூவுக்கும் தட்சுகி மச்சிதாவுக்கும் இருந்த இடைவெளி 0.33தான். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு மயிரிழை என்று நாம் பேச்சுக்குச் சொல்வோமே, இந்த விளையாட்டில் அது நிஜமாகவே அப்படித்தான்.

நான் தோழியோடு சண்டை போட்டது யூரியோவுக்காக. முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். தோற்றுப் போன யூரி கழிவறைக்குள் உட்கார்ந்து அழுகிறான். இந்தச் சின்னப் பையன் கதவை எட்டி உதைத்து, இரண்டு யூரி வேண்டாம், நீ ரிட்டையர் ஆகிவிடு என்று கத்துகிறான். அதே பையன் கடைசி எபிசோடில், யூரி ஓய்வு பெறப் போகிறான் என்று தெரிந்ததும் உள்ளுக்குள் கொதிக்கிறான். நீ ஜெயித்துவிட்டு நிம்மதியாகப் போய்விட முடியாது, போக விடமாட்டேன் என்ற ஆத்திரத்தில் ஆடுகிறான். ஆடி முடித்து, பனித்தரையில் சரிந்து, தோள் குலுங்க அழுகிறான். எனக்கு அந்த அழுகைதான் எபிசோடின் நடு நரம்பு. அவன் வென்றதால்தான் யூரி ஓய்வு பெறாமல் நின்றான். வெள்ளியோடு வரும் யூரியிடம் விக்டர், தங்கமாக இருந்தால்தானே முத்தம் கொடுக்கத் தோன்றும் என்று சீண்ட, இன்னும் ஒரு வருஷம் என்னோடு இருங்கள் என்று யூரி கேட்கிறான். விக்டரோ நீ ஐந்து உலகப் பட்டங்கள் வெல்ல வேண்டும் என்கிறார், தானும் போட்டிகளுக்குத் திரும்புகிறார். தங்கம் கிடைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். உனக்கு என்ன, நீ வில்லனுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்றாள் அவள். விடிகாலை இரண்டு மணிக்குப் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டினாள்.

வேறு குறைகளும் சொன்னார்கள், அவற்றில் நியாயம் இருந்தது. ஆறு பேரின் ஃப்ரீ ஸ்கேட்டையும் ஒரே எபிசோடில் திணித்துவிட்டார்கள், சில இடங்களில் ஓவியம் தடுமாறுகிறது, தாய்லாந்தின் பிச்சித், கஜகஸ்தானின் ஒட்டாபெக் எல்லாரும் வந்த வேகத்தில் போகிறார்கள் என்றார்கள். உண்மைதான். ஒரு பதிமூன்றாவது எபிசோட் இருந்திருந்தால் எல்லாரும் மூச்சுவிட்டிருப்பார்கள். ஆனாலும் ஆட்டங்களில் பொய் இல்லை. அத்தனை நடனங்களையும் அமைத்தவர் கென்ஜி மியாமோட்டோ. அவர் நிஜ வீரர்களுக்கு நடனம் அமைப்பவர். ஒவ்வொன்றையும் பனியில் தானே ஆடிக் காட்டினார், அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டுதான் வரைந்தார்கள். ஸ்கேட்டின் இரும்பு பனியைக் கீறும் சத்தமும் அங்கே பதிவு செய்ததே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியும், ஜம்ப்புக்கு முன்னால் அந்தக் கீறல் எப்படிக் கனக்கிறது, இறங்கும்போது எப்படி நீண்டு இழுபடுகிறது என்று.

அதனால்தான் ஸ்கேட்டர்களே இதற்கு ரசிகர்கள் ஆனார்கள். அமெரிக்காவின் ஜானி வியர், அன்றைய உலக சாம்பியன் ரஷ்யாவின் எவ்கேனியா மெத்வதேவா இருவரும் வெளிப்படையாகக் கொண்டாடினார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஸ்டெஃபான் லாம்பியேல் கடைசி எபிசோடில் அவராகவே வந்து குரல் கொடுத்தார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மியூ சுசாகி, ரியூச்சி கிஹாரா ஜோடி யூரி ஃபைனலில் ஆடிய பியானோ இசைக்கே ஆடியது. தொடரில் யூரியின் ஊராக வரும் ஹசெட்சு, கியூஷு தீவில் உள்ள கரட்சு என்ற கடலோர ஊரை மாதிரியாக வைத்து வரையப்பட்டது. அந்த ஊர்க் கோட்டையைப் பார்க்கவும், யூரிக்குப் பிடித்த கட்சுடோனைச் சாப்பிடவும் ரசிகர்கள் ரயிலேறிப் போனார்கள். வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், சுடுசோற்றின் மேல் பொரித்த பன்றிக்கறியும் முட்டையும் போட்ட அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் அழுதேன் என்று ஒருத்தி சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கொஞ்சமும் வினோதமாகப் படவில்லை.

இரண்டு ஆண்களின் காதலை இந்தத் தொடர் நடத்திய விதத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி இரவில் அழுதவர்களில் பலர் அதற்காக அழுதவர்கள். இந்தக் கதையின் உலகத்தில் யாரும் தான் நேசிப்பதற்காக ஒதுக்கப்பட மாட்டார்கள் என்று குபோ அப்போதே சொல்லியிருந்தார். கடைசிக் காட்சி வரை அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். பரிசளிப்புக்குப் பிறகு வரும், மார்க் இல்லாத எக்ஸிபிஷன் ஆட்டத்தில் யூரி தனியாக ஆடத் தொடங்குகிறான். அவன் அன்று ஆளில்லாத ரிங்கில் ஆடிய அதே விக்டரின் பாட்டு. பாதியில் விக்டர் உள்ளே வருகிறார். தனியாள் ஆட்டமாக நமக்கு அறிமுகமானது ஜோடி ஆட்டமாக முடிகிறது. அரங்கத்தில் ஒருவர்கூட முகம் சுளிப்பதில்லை, ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா கைதட்டுகிறார்கள். போனைத் திருப்பி வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்த என் தோழி அந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் அழுதாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.

முடிவில் பீட்டர்ஸ்பர்க். யூரி பாலத்தில் ஓடி வருகிறான், விக்டரும் யூரியோவும் சேர்ந்துகொள்கிறார்கள். அடுத்த கட்டத்தில் சந்திப்போம் என்ற எழுத்துகள் வருகின்றன. அடுத்த சீசன் நிச்சயம் என்று எல்லாரும் நம்பினோம். 2017ல் ஒரு திரைப்படத்தை அறிவித்தார்கள். விக்டரின் இளமைக் காலத்தைச் சொல்லும் 'ஐஸ் அடலசன்ஸ்'. 2019ல் வரும் என்றார்கள், தள்ளிப்போனது. 2020 இறுதியில் நீண்ட முடியோடு இளம் விக்டர் வரும் சின்னத் துண்டு ஒன்றைக் காட்டினார்கள். 2024 ஏப்ரலில் படம் கைவிடப்பட்டது என்று ஸ்டுடியோ அறிவித்துவிட்டது.

அந்தச் செய்தி வந்த அன்று இரவு, ஏறக்குறைய இரண்டு வருஷமாகப் பேசாமலிருந்த என் தோழி கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது புனேயில் வேலை, கையில் ஒரு வயதுக் குழந்தை. ஹலோகூடச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது எபிசோடைப் போடு, நானும் போடுகிறேன், மூன்று எண்ணியதும் தட்டு என்றாள். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, இரண்டு ஊர்களில் உட்கார்ந்து பார்த்தோம். விக்டர் அழுதார். 221.58 வந்தது. 319.53 வந்தது. இப்பவும் சொல்றேன், அநியாயம்தான் என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. யூரியோ சரிந்து அழும் இடத்தில், பாவம்டீ, குழந்தை என்று அவளே சொன்னாள். எக்ஸிபிஷன் முடிந்தது, பாலம் வந்தது, மூன்று பேரும் ஓடினார்கள். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கத்தில் குழந்தை சிணுங்குவது கேட்டது. போய்ப் பார், வைத்துவிடட்டுமா என்றேன்.

இருடீ, அந்த எழுத்து வரட்டும் என்றாள்.