ஆறு தட்டு, இரண்டு நடை

வணக்கம். கீபோர்ட் பழக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, இசைத்தாளின் தொடக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும் அந்த இரண்டு எண்களைப் பற்றித்தான். மூன்றின் கீழ் நான்கு இருந்தால் "முக்கால்" என்று வாசிக்கிறார்கள், கணக்குப் பாடத்தின் பழக்கம். அது பின்னம் இல்லை. மேல் எண், ஒரு கட்டத்துக்குள், அதாவது இரண்டு நிலைக்கோட்டுக்கு இடையில், எத்தனை எண்ண வேண்டும் என்கிறது. கீழ் எண், எண்ணுகிற ஒவ்வொன்றும் எந்த அளவுச் சுரம் என்கிறது. நான்கு என்றால் கால் சுரம், எட்டு என்றால் அரைக்கால் சுரம்.

சரி, இது விளங்கிய பிறகும் ஆறின் கீழ் எட்டு வந்தால் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று கால் சுரமும் ஆறு அரைக்கால் சுரமும் கணக்குப்படி ஒன்றுதானே, பிறகு எதற்கு இரண்டு விதமாக எழுத வேண்டும்? நல்ல கேள்வி. வானொலியைக் கேட்டபடியே தொடையில் தட்டிப் பாருங்கள். தக, தக, தக. 'த' வரும் இடத்தில் மட்டும் அழுத்தமாகத் தட்டினால் மூன்று அழுத்தம், அது மூன்றின் கீழ் நான்கு. இப்போது வேகத்தை மாற்றாமல் தகிட, தகிட. இரண்டே அழுத்தம், அது ஆறின் கீழ் எட்டு. இரண்டிலும் எழுத்து ஆறுதான், ஆனால் உடம்பு வேறு மாதிரி அசைகிறது. எண்ணிக்கையை விட அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான் தாளம்; இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்த இரண்டாவது நடை மட்டக்களப்பாருக்குப் புதிது இல்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கல்யாண வீட்டில் வயலினோடு கபிரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால், அல்லது எங்காவது பைலாப் பாட்டுக் கேட்டால், சின்னப் பிள்ளையும் துள்ளுகிறதே, அது தகிட தகிடதான்.

நாலின் கீழ் நாலு சுலபம். ஆனால் அதன் இரண்டு கட்டத்தைச் சேர்த்து எட்டாக்கி, இதுதான் ஆதி தாளம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆதி தாளத்தின் எட்டு, நான்கும் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து, ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகுதான் தொடங்கிய தட்டுக்குத் திரும்புகிறது.

இன்னொன்று, வேகம் வேறு, தாளம் வேறு. சுலபமான இடத்தில் ஓடுவதும் விரல் சிக்கும் இடத்தில் இழுப்பதும் எல்லாத் தொடக்கக்காரருக்கும் வருவதுதான். அதற்கு மருந்து நம்முடைய கூத்துக் களரியிலேயே இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டுச் சொற்களை வாயால் சொல்ல, மத்தளம் அதையே பேச, சல்லாரி என்கிற கைத்தாளம் விடாமல் பிடித்துக்கொண்டு போக, அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஆடுபவரின் கால் பழகுகிறது, கூத்தின் இரண்டு வகையில் வடமோடியானாலும் தென்மோடியானாலும். தாளில் எழுதிய எண்ணைப் பார்த்து அங்கே யாரும் ஆடப் பழகியதில்லை.

ஆகவே ஒரு கிழமைக்குக் கீபோர்டில் தானாக அடிக்கும் ரிதத்தை நிறுத்திவிடுங்கள். புதுப் பாடம் எதுவானாலும் முதலில் கையைத் தட்டிக்கொண்டு வாயால் சொல்லுங்கள், அழுத்தம் தவறாமல் நாலு சுற்று வந்த பிறகு விரலை வையுங்கள்.