ஸ்வெட்டருக்கு உள்ளே

(முதியோர் தினத்தை ஒட்டி இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கோயில் மண்டபத்தில், முதியோர் இல்லங்களில் நடக்கும் கொடுமைகளைப் பற்றிப் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், அங்கங்கே கொஞ்சம் திருத்தி.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், நாற்காலி இருக்கிறது. இந்த மழையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் ஒன்று, விஷயம் உங்களுக்கும் எங்கேயோ உறுத்துகிறது, அல்லது கூட்டம் முடிந்து தேத்தண்ணியும் வடையும் உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டும் உண்மைதான்.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் மலையக ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக நின்ற நர்ஸ். பென்ஷன் வாங்கி ஆறு வருஷம் ஆகியும் பஜாரில் "மிஸ்ஸி" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்பைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற வேலையைச் செய்தவள் நான், அப்படிப்பட்டவளே எட்டு மாதம் கண்ணிருந்தும் குருடியாக இருந்தேன்.

எங்கள் பெரியம்மா நாற்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பிள்ளை இல்லை, எங்களைத்தான் வளர்த்தார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் கொழும்பில், எனக்கு நைட் டியூட்டி, லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், தனியாக விட முடியாது. காசு கட்டி ஒரு முதியோர் இல்லத்தில் விட்டோம். பெயர் வேண்டாம். ஞாயிறு பின்னேரம் இரண்டிலிருந்து நாலு வரைதான் பார்க்க விடுவார்கள். போனால் சக்கர நாற்காலியில் வைத்து ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். முகத்தில் பவுடர், தலையில் கம்பளித் தொப்பி, காலில் சொக்ஸ், விரல் மொளி வரை இழுத்துவிட்ட ஸ்வெட்டர். நம்ம ஊர்க் குளிரில் அது யார் கண்ணுக்கும் வித்தியாசமாகப் படாது. நானும் "நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க" என்று அண்ணனுக்கு போன் பண்ணுவேன்.

ஒரு தடவை டியூட்டி மாறி, புதன்கிழமை காலையில் போய் நின்றேன். கேட் திறக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷம் எதற்கு என்று இப்போது தெரியும். உள்ளே கட்டிலுக்கே போய்விட்டேன். ஸ்வெட்டர் கை ஈரமாகி மேலே சுருண்டிருந்தது. வலது மணிக்கட்டைச் சுற்றி, படுக்கை விரிப்பைக் கிழித்தால் வருமே ஒரு பட்டி, அந்த அகலத்தில் ஒரு தடம். பழைய தடம் கறுத்து, அதன் மேல் புதிதாகச் சிவந்து. பெரியம்மாவுக்கு அசையக்கூடியது வலது கை ஒன்றுதான், அதைத்தான் கட்டியிருந்தார்கள். அந்தக் கை விரல்கள் போர்வையின் ஓரத்தை நுள்ளிக்கொண்டே இருந்தன, இரண்டு இலையும் ஒரு அரும்பும் எடுக்கிற மாதிரி.

"ராத்திரி விழுந்துடுவாங்க மிஸ், பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். விழாமல் இருக்கக் கட்டிலைத் தாழ்த்தலாம், பக்கத்தில் கம்பி போடலாம், ஆள் போடலாம். இருபது கட்டிலுக்கு ராத்திரியில் ஒரே ஒரு பெண். அவளும் ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளை மட்டும் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் நியாயம் கிடைத்துவிட்டதாக நான் நினைக்க மாட்டேன். அவளைத் தனியாக விட்டுவிட்டு மாதாமாதம் நம்மிடம் காசை எண்ணி வாங்கியவர் யார், அந்தக் கேள்விதான் முதலில்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. வீட்டிலும் ஊரிலும் வாழும் 60 வயது தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஒரு வருஷத்தில் ஏதோ ஒரு கொடுமையை அனுபவிக்கிறார். பராமரிப்பு நிலையங்களிலோ, கேட்டபோது ஊழியர்களில் மூன்றில் இரண்டு பேர் கடந்த ஒரு வருஷத்தில் தாங்களே அப்படி நடந்துகொண்டதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டவர்கள் கணக்கு மட்டும் அது.

சரி, எங்கே பார்ப்பது? வயதானவர்களின் தோல் தாள் மாதிரி மெலிந்துவிடும், இரத்தம் இளக மாத்திரை குடிப்பவர் என்றால் மேசையில் இடித்தாலே கன்றிப்போகும். அதனால் கன்றியது எல்லாம் அடி இல்லை, போனவுடன் கத்தாதீர்கள். இடித்துக்கொண்டால் முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் வரும். மேல்கையின் உள்பக்கம், காதுக்குப் பின்னால், கழுத்து, தொடையின் உள்பக்கம், இங்கெல்லாம் ஒருவர் தானாக இடித்துக்கொள்வது கஷ்டம். மேல்கையில் ஒரு பக்கம் ஒரு வட்டம், மறுபக்கம் மூன்று நான்கு சிறு வட்டம் என்றால் அது பெரும்பாலும் இறுக்கிப் பிடித்த விரல்களின் தடம்.

அடியைவிட எனக்குப் பயம் கவனிக்காமல் விடுவதில்தான். படுக்கைப் புண் சும்மா வராது. திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்பது நாங்கள் பயிற்சியில் படித்த முதல் பாடங்களில் ஒன்று. திருப்பாவிட்டால் இடுப்புக்குக் கீழ் எலும்பு, இடுப்பின் பக்கம், குதிகால் என்று எலும்பு அழுந்தும் இடத்தில் முதலில் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. பிறகு தோல் உரியும், பிறகு குழி. மிக நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும்தான், ஆனால் எலும்பு தெரியும் வரை உங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை என்றால் அது வேறு கதை. குதிகால் புண்ணை சொக்ஸ் மறைக்கும். முதுகுப் புண்ணின் வாடையை டெட்டோல் மறைக்கும். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறதா, போன மாதம் இறுகியிருந்த வளையல் இப்போது முழங்கை வரை ஏறுகிறதா, பெம்பர்ஸ் கனத்துத் தொங்குகிறதா, பகல் பதினொரு மணிக்கும் வாயைத் திறந்து தூங்குகிறாரா, தூங்கினால் என்ன மாத்திரை, எந்த டொக்டர் எழுதியது? அப்புறம், ஊழியர் உள்ளே வந்ததும் அவர் பேச்சு நிற்கிறதா? பெரியம்மா எப்போதும் நிறுத்துவார். களைப்பு என்று நினைத்தேன்.

காசு விஷயமும் இதில் சேரும். நம்ம ஆட்கள் ஆயுசு முழுக்க உழைத்ததற்குக் கையில் வருவது ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி, ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம், அவ்வளவுதான். வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் "ஒப்பீஸில் பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைப்பார்கள். எழுதாத தாளில் கைநாட்டு வாங்குவார்கள். அட்டையின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். புத்தகத்தை மாதம் ஒரு தடவை வங்கியில் பதிந்து பாருங்கள்.

இனி சட்டம். முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், 2011இல் திருத்தினார்கள். ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கிற எந்த இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே சேர்க்கும் முன்பே "பதிவுச் சான்றிதழ் எங்கே?" என்று கேளுங்கள். முகம் கோணினால் வேறு இடம் பாருங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் விஷயத்தைக் கவனிக்கவென்றே உத்தியோகத்தர் இருக்கிறார், சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார், எழுத்தில் முறைப்பாடு கொடுத்து ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது வாயோடு போய்விடும். அதே சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்கிறது, பராமரிப்புப் பணம் கேட்டுத் தாய் தகப்பன் போக ஒரு சபையும் வைத்திருக்கிறது. முன் வரிசையில் சிலர் கீழே பார்க்கிறீர்கள், பரவாயில்லை.

அடித்தது, கட்டி வைத்தது, கவனக்குறைவால் காயம் வந்தது, நம்பிக் கொடுத்த பணத்தை எடுத்தது, இதெல்லாம் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும் குற்றங்கள். அதற்கு இடம் பொலிஸ், அவசரம் என்றால் 119. ஆனால் பொலிஸுக்கு முன்போ பின்போ ஆளை அங்கிருந்து எடுத்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அம்புலன்ஸுக்கு 1990. பொலிஸ் கொடுக்கும் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து எழுதினால்தான் காயம் வழக்கில் பேசும். பத்து நாள் கழித்துப் போனால் தடம் ஆறியிருக்கும், அவர் என்னத்தை எழுதுவார்? குளிப்பாட்டி, மருந்து போட்டு, புதுச் சட்டை மாட்டிக் கூட்டிப் போகாதீர்கள், அப்படியே கொண்டு போங்கள். படம் எடுங்கள், முகம் தெரிய ஒன்று, காயம் கிட்டத்தில் ஒன்று, அளவு தெரியப் பக்கத்தில் பத்து ரூபாய்க் குற்றி வைத்து ஒன்று. ஒரு சீஆர் கொப்பியில் தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதுங்கள்.

பொலிஸில் சிங்களத்தில் எழுதிவிட்டு "அத்சன் பண்ணு", கையெழுத்துப் போடு, என்பார்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் எழுதக் கேளுங்கள், முடியாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். சின்னக் காயம் என்றால், இரண்டு பக்கத்தையும் வைத்துச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். போங்கள், ஆனால் அங்கே இணங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நட்டஈடு கேட்பது தனி வழக்கு, மாவட்ட நீதிமன்றத்தில், பொதுவாக இரண்டு வருஷத்துக்குள். அரசாங்கமோ மாகாண சபையோ நடத்தும் இல்லம் என்றால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போகலாம், அதற்கு ஒரே மாதம்தான். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். வக்கீலுக்குக் காசில்லையா, சட்ட உதவி ஆணைக்குழு அதற்குத்தான் இருக்கிறது. உள்ளே ஆள் இறந்து, உங்களுக்குச் சந்தேகம் என்றால், அன்றைக்கே அடக்கம் பண்ண அவசரப்படாதீர்கள். மரண விசாரணை கேளுங்கள். மண்ணுக்குள் போன பிறகு தோண்டி எடுப்பது பெரிய பாடு.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. வேன் பிடித்து பெரியம்மாவை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முறைப்பாடு கொடுக்கலாம் என்றதும் அண்ணன், "அப்புறம் ஊர்ல என்ன கேப்பாங்க? வளர்த்தவளைக் கொண்டுபோய் ஏன் விட்டேன்னுதானே கேப்பாங்க?" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். பொலிஸ்காரர் அல்ல, எதிர்வீட்டு அக்காள் கேட்பாளே என்ற பயம். அந்த இல்லத்தின் கேட்டுக்கு நல்ல பூட்டு எதுவும் இல்லை, நம்முடைய வெட்கம்தான் பூட்டு, அது அவர்களுக்கும் தெரியும். பெரியம்மா பதினாலு மாதம் எங்களோடு இருந்து போய்ச் சேர்ந்தார். மற்றப் பத்தொன்பது கட்டிலில் இருந்தவர்களை நான் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அந்த இடம் இன்றைக்கும் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி கேட்டார்: "மிஸ், அம்மாவோட உடுப்பைக் கழட்டிப் பார்க்க எனக்கு எப்படி? ஆம்பளைப் பிள்ளை நான். அவங்களும் கூச்சப்படுவாங்க." நல்ல கேள்வி, நானும் அதைப் பேச்சில் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெய் கொண்டு போங்கள். "கையில கால்ல எண்ணெய் தேய்ச்சு விடுறேன்மா" என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? சொக்ஸைக் கழற்றுங்கள், ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டுங்கள், குதிகாலிலிருந்து மெதுவாகத் தேயுங்கள். முதுகை அக்காவோ தங்கச்சியோ போகும்போது பார்க்கட்டும். நுவரெலியாப் பக்கம் என்றால் எண்ணெய் உறைந்திருக்கும், ஒரு கோப்பை சுடுதண்ணீர் கேட்டு வாங்கிப் போத்தலை அதில் வையுங்கள். இளக ஐந்து நிமிஷமாவது ஆகும். அதுவரை ஹாலில் உட்காராமல் அம்மாவின் கட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே நடங்கள்.