கடலடியில் கரைந்துபோன உயிரின ஓடுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

[காட்சி: கானாடுகாத்தான். பழைய வீட்டின் வளவு, வழவழப்பான வெள்ளைச் சுவர்.]

செட்டிநாட்டுச் சுவர்களின் இந்தப் பளபளப்புக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடிப்படை. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்துப் பூசுவார்கள். பூசியது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்.

[நெருக்கக் காட்சி: தட்டில் கிளிஞ்சல். எலுமிச்சைச் சாறு சொட்டுகிறது.]

சுவரில் சோதித்துப் பார்த்துவிடாதீர்கள், கிளிஞ்சல் போதும். சாறு பட்ட இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புகிறது, பாருங்கள். அமிலம் ஓட்டைக் கரைக்கிறது. ஆழ்கடலிலும் ஓடுகள் கரைகின்றன, ஆனால் மிக மெதுவாக.

[வரைபடம்: கடலின் குறுக்குவெட்டு.]

கடலின் மேல்மட்டத்தில் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிர்கள் மிதக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கிளிஞ்சலைப் போலவே இவற்றின் ஓடும் கால்சியம் கார்பனேட்தான். அவை செத்ததும் ஓடுகள் அடியில் போய்ப் படியும். ஆழத்தில் நீர் குளிர்ந்திருக்கும், அழுத்தம் அதிகம். மேலிருந்து விழும் கழிவு மட்குவதால் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து நீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். ஓர் ஆழத்துக்குக் கீழே, விழுகிற ஓடு அத்தனையும் கரைந்துவிடும். அட்லாண்டிக்கில் அந்த எல்லை சுமார் 5 கிலோமீட்டர். பசிபிக்கின் ஆழ்நீர் பழையது, கார்பன் டை ஆக்சைடு கூடுதல், அதனால் அங்கே எல்லை இன்னும் மேலே இருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலே இதைக் கவனித்துவிட்டது: ஆழம் குறைந்த தரையில் ஓடுகள் நிறைந்த வெளிர்நிறச் சேறு, மிக ஆழத்தில் ஓடுகள் கரைந்துபோய் மிஞ்சிய செங்களி.

[காட்சி: நுண்ணோக்கியின் கீழ், சலித்துக் கழுவிய ஓடுகள்.]

சரி, இல்லாமல் போனதை எப்படி அளப்பது? மிஞ்சியதைப் பார்த்துத்தான். மெல்லிய ஓடுள்ள இனங்கள் முதலில் போகும். தடித்தவை தாக்குப்பிடிக்கும், ஆனாலும் சுவர் மெலிந்து உடையும். முழு ஓடு எத்தனை, துண்டு எத்தனை என்று எண்ணுவார்கள். ஒரே அளவுள்ள ஓடுகளை எடுத்து நிறுத்தும் பார்ப்பார்கள், அரித்த ஓடு எடை குறைவாக இருக்கும். கடல்தரையில் வாழும் இனங்களின் ஓடு பொதுவாக உறுதியானது, அவற்றின் பங்கு கூடியிருந்தாலும் அது ஒரு தடயம்.

எனக்கு இந்தத் துண்டுக் கணக்குதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. சேற்றில் கார்பனேட் சதவீதம் குறைந்தால் கரைந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட முடியாது. மேலிருந்து ஓடு விழுந்ததே குறைவாக இருக்கலாம், களிமண் அதிகம் வந்து கலந்திருக்கலாம். துண்டுகள் பெருகியிருந்தால் கரைந்ததற்கு நேரடிச் சான்று உண்டு.

[காட்சி: சேற்று உருளை. வெளிர்நிறம் சட்டென்று செம்பழுப்பாகிறது.]

2003ல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மலைத்தொடரில் துளையிட்டு எடுத்த உருளைகளில் இந்தக் கோடு தெரிந்தது. சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்தபோது, அங்கே கரையும் எல்லை இருந்த இடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக மேலே ஏறியது. அப்புறம் வெளிர்நிறம் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகள் போல ஆனது. கோடு இவ்வளவு கூர்மையாக இருப்பதால் எல்லாம் ஒரே நாளில் நடந்ததாக நினைக்க வேண்டாம். முன்பே படிந்திருந்த ஓடுகளையும் அந்த நீர் அரித்துவிட்டது.