தனிக்குடித்தனமே தேவலை: ப்ராசஸ் அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, நாகர்கோவில் பெரியோர்களே, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

ஒரே நேரத்தில் பல வேலை செய்கிற புரோகிராமுக்கு ப்ராசஸ் நல்லதா, த்ரெட் நல்லதா என்பதுதான் இன்றைய தலைப்பு. ப்ராசஸ் என்றால் தனக்கென்று தனி மெமரி வைத்துக்கொண்டு ஓடுகிற புரோகிராம், த்ரெட் என்றால் ஒரே ப்ராசஸுக்குள் மெமரியைப் பகிர்ந்துகொண்டு ஓடுகிற வேலை. எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "த்ரெட் கூட்டுக்குடும்பம், ஒரே மெமரியில் ஒற்றுமையாக வாழும், ப்ராசஸ் கல்யாணமான மறுநாளே தனிக்குடித்தனம் போகிற ஊதாரி மருமகள்." நீங்களும் கை தட்டினீர்கள். சரி அண்ணே, அந்தக் கூட்டுக்குடும்பத்துக்குள்ளேயே போவோம்.

குளச்சலில் ஒரு வீடு. அடுப்பில் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பு கொதிக்கிறது. மூத்த மருமகள் ருசி பார்க்கிறாள், உப்பில்லை. அவள் உப்பு மரவையை எடுக்கத் திரும்புவதற்குள் இளையவளும் வந்து ருசி பார்க்கிறாள், உப்பில்லை. ரெண்டு பேரும் போட்டாச்சு! ஒரு வாய் வைத்த மாமனார் முகத்தைப் பார்க்கணுமே! தப்பு யார் மேல்? தனித்தனியாகக் கேட்டால் ரெண்டு பேர் செய்ததும் சரிதான். இதுதான் ரேஸ் கண்டிஷன். இதில் பெரிய கொடுமை, மாமியார் பக்கத்தில் நின்று கவனிக்கிற அன்றைக்கு மட்டும் குழம்பு சரியாக இருக்கும். புரோகிராமில் பிழை தேட உதவுகிற டீபகர் போட்டுத் தேடியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

"லாக் போடலாமே" என்பார் அண்ணன். போட்டார்கள். அகப்பையும் மரவையும் சேர்ந்து யார் கையில் இருக்கிறதோ அவள்தான் குழம்பைத் தொடலாம். மூத்தவள் கையில் அகப்பை, இளையவள் கையில் மரவை. "மைனி, அகப்பையைத் தாங்க." "நீ முதலில் மரவையைத் தா." விளக்கு வைக்கிற நேரம் ஆகியும் யாரும் சாப்பிடவில்லை. இது டெட்லாக்!

ஊதாரி என்றாரே, லினக்ஸில் ஃபோர்க் செய்தால், அதாவது ஒரு ப்ராசஸ் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கினால், மெமரி மொத்தமும் உடனே நகலாவதில்லை, யாராவது எழுதுகிற மெமரிப் பக்கம் மட்டும்தான் நகலாகும். த்ரெட்டைவிடச் செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் 2008-இல் வந்த குரோம் டேப்களைத் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்தது ஏன்? ஒன்று விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழக்கூடாது என்றுதான்.

அப்புறம், தெராக்-25. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கிற இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் செத்தே போனார்கள். காரணமான பிழைகளில் ஒன்று, ஆபரேட்டர் விறுவிறுவென்று திருத்தியதை, அதே மெமரியைப் பகிர்ந்த இன்னொரு டாஸ்க் கவனிக்காமல் விட்டது. குணமாகிவிடும் என்று நம்பிப் படுத்தவர்கள், ஐயா! என் அம்மாவை அப்படியொரு மேஜையில் படுக்க வைத்தால், கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, ஒருத்தன் எழுதியதில் இன்னொருத்தன் கைவைக்க முடியாத புரோகிராம்தான் வேண்டும் என்பேன். உங்கள் அம்மாவுக்கும் அதையேதான் கேட்பீர்கள். தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே.