கேட்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

(சேலத்தில் கீபோர்டு வாசிப்பவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

இசை சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், ஆலயங்களிலும் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் முதன்முதலில் பியானோவைக் கேட்டது அதன் முதுகுப் பக்கத்திலிருந்து. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து பங்களாவில் அப்பாவுக்கு வேலை. ஹாலில் ஒரு நிமிர்ந்த பியானோ, சமையல்கட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். வாசற்படியில் உட்கார்ந்து கேட்பேன். அந்த வகைப் பியானோவுக்கு, கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியைப் பெருக்கும் நாதப்பலகை பின்பக்கம். அதனால் சுத்தியல் தட்டும் சத்தம் என் காதுக்கு அதிகம் வராது. உருண்டு திரண்ட நாதம்தான் வரும். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, வாசிப்பவர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். சுத்தியலும் பெடலும் கட்டையும் சேர்ந்து தடதடவென்று கேட்டது. இது வேறு வாத்தியம் என்றே நினைத்தேன்.

இன்று உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பியானோ மென்பொருளில், மைக் எங்கே நிற்க வேண்டும் என்று அமைக்கும் திரையைத் திறந்தால் அதே கேள்விதான் வருகிறது. கேட்பவரை எங்கே உட்காரவைக்கப் போகிறீர்கள்? பலர் இதை முடிவு செய்யாமலே ஈக்வலைசருக்கும் (கீழ், மேல் ஸ்தாயி ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) ரிவெர்புக்கும் (அறையின் எதிரொலியைச் சேர்ப்பது) போய்விடுகிறார்கள். அங்கே எவ்வளவு திருகினாலும் மைக் நின்ற இடம் மாறாது.

மென்பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிஜப் பியானோவைக் கட்டை கட்டையாகப் பதிவு செய்து வைத்திருப்பது. இதில் மைக்குகள் அன்று நின்ற இடத்திலேயே நிற்கும்; கிட்ட, நடு, அறை என்று ஒவ்வொரு மைக்கின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் மட்டும் உங்கள் கையில். இன்னொன்று, கம்பியும் நாதப்பலகையும் அதிர்வதைக் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குவது. பிரான்ஸில் துலூஸ் நகரத்து மோடார்ட் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பியானோடெக் இந்த வகை. இதில் மைக்கைப் படத்தில் பிடித்து நகர்த்தலாம், பியானோவின் மூடியைத் திறக்கலாம், மூடலாம்.

தூரத்தைப் பற்றி நம் ஊருக்கே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டூடியோ. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் மைக் ஒன்றோ இரண்டோதான். பாடகர் கிட்டே, சத்தம் மிகுந்த வாத்தியம் தள்ளி. ஆளை ஓரடி நகர்த்துவதுதான் அன்றைக்கு பேலன்ஸ். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். கம்பிக்கு மேலே 10 செ.மீ.யில் இருக்கும் மைக்கை 20 செ.மீ.க்குத் தூக்கினால் பெரிய மாற்றம் வருவது இதனால்தான். 2 மீட்டரில் இருப்பதை அதே 10 செ.மீ. நகர்த்தினால் அளவு மாறியதே தெரியாது. மைக் கிட்டே இருக்கும்போது அதற்கு நேர் கீழே இருக்கும் கட்டைகள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அதை ஈக்வலைசரால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மைக்கைக் கொஞ்சம் தூக்குங்கள்.

இனி, எனக்கு நேர்ந்தது. சேலத்தில் ஒரு ஆலயத்தில் கல்யாணம். வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது என் பியானோ அத்தனை அகலமாக, அழகாக இருந்தது. ஆலயத்தில் நடுக்கட்டைகள் தகர டப்பாவுக்குள் போனது போல் ஆகிவிட்டன. மைக் செட்காரர் மேல் கோபப்பட்டேன், அது தவறு. நம் ஊர் திருவிழாவிலும் மண்டபத்திலும் பெரும்பாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்து மோனோவாகத்தான் அனுப்புவார்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லாமும் கேட்க வேண்டுமே! நான்தான் அகலமாகப் பிரித்து வைத்த இரண்டு மைக்குகளோடு போயிருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு கட்டையின் ஒலி இரண்டாவது மைக்குக்கு 34 செ.மீ. கூடுதலாகப் போக வேண்டுமானால், ஒரு மில்லிசெகண்ட் தாமதம். இரண்டையும் சம அளவில் ஒன்றாகக் கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு மைக்கின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிடில் சி-யிலிருந்து எண்ணினால் ஏழாவது வெள்ளைக் கட்டையான பி, 494 ஹெர்ட்ஸ். பாட்டின் உயிர் உலவும் இடமே அதுதான். ஸ்டீரியோவில் ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு காதில் தனியாக இருந்ததால் எனக்கு வீட்டில் இது தெரியவில்லை.

இதற்கு வழி, இரண்டு மைக்கையும் ஒரே புள்ளியில் வைத்து, முகத்தை மட்டும் வேறு வேறு பக்கம் திருப்புவது. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் பதிந்த ஸ்டீரியோ காப்புரிமையில் இந்த யோசனை இருக்கிறது. இரண்டுக்கும் ஒலி ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், கலந்தாலும் கட்டை காணாமல் போகாது. பதிவு செய்த வகை மென்பொருளாக இருந்தால் ஒரே ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஃபேடர்களை இறக்குங்கள், அகலத்தையும் குறையுங்கள். மண்டபத்தில் ஸ்டீரியோவே கிடைத்தாலும் முழு அகலம் வேண்டாம். இடது ஸ்பீக்கர் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு உங்கள் இடதுகை பேஸ் மட்டும் கேட்டால் போதுமா?

இன்னொன்று, விரலுக்குத் தெரியும் விஷயம். மைக்கை 3 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி சுமார் 9 மில்லிசெகண்ட் பிந்தும். கணினி ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக வெட்டி, 256 மாதிரிகள் சேர்ந்தபின் வெளியே அனுப்பினால் (இந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர்) அதில் இன்னும் சுமார் 5 மில்லிசெகண்ட் சேரும். கட்டை கனமாக இருக்கிறது, கை பின்தங்குகிறது என்று சொல்லி கீபோர்டையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். வாசிக்கும்போது கிட்ட மைக்கை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மைக் தூரத்தால் வரும் தாமதத்தைக் கழிக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் போடுங்கள். பதிவு முடிந்தபின் மைக்கை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்; அதே மிடி (எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற பதிவு), வேறு நாற்காலி.

பேசியது போதும், கேட்டுப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவர் யாராவது உங்கள் லேப்டாப்போடு மேலே வாருங்கள். வாங்க தம்பி. முதலில் அறை மைக் ஃபேடரைச் சுத்தமாக இறக்குங்கள். மிக்சரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். இப்போது மிடில் சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக, ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். எந்தக் கட்டை இளைக்கிறதோ அங்கே எல்லோரும் கை தூக்குங்கள்.